அமெரிக்காவைத் தனியாளாகக் குறுக்கே கடக்க யார் சொல்வதைக் கேட்பது?

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். செப்டம்பரில் நான்கு வாரம் விடுப்பு. விசிட்டர் விசா கையில் இருக்கிறது. நியூயார்க்கில் இறங்கி, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஊர் திரும்ப டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூட யாரும் வரவில்லை. அங்கே இருக்கும் நண்பர்களிடம் யோசனை கேட்டால் நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். நியூஜெர்சி நண்பர், நயாகரா, வாஷிங்டன் பார்த்தால் போதும் என்கிறார். டல்லாஸ் நண்பர், கார் எடுத்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓட்டு என்கிறார். கலிபோர்னியா நண்பர், நடுவில் ஒன்றுமே இல்லை, விமானத்தில் தாண்டி வந்துவிடு, வேகாஸ், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நான்காமவர் ரூட் 66 என்று ஒரே பிடியாக நிற்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது? தனியாகப் போனால் பாதுகாப்பாக இருக்குமா?

கேள்வி இடங்களைப் பற்றி வந்திருந்தாலும், அதற்குள் இருக்கிற சிக்கல் தூரம் என்று எனக்குப் படுகிறது. ஒரே ஆள், இவ்வளவு பெரிய நாட்டை, பாதி வழியில் அசந்து போகாமல் எதில் ஏறிக் கடப்பது? அதை முடிவு செய்துவிட்டால் எந்தெந்த ஊர் என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். நான் சிகாகோ பக்கம் ஒரு சரக்கு லாரி கம்பெனியில் பல வருடங்களாக டிஸ்பாட்சராக இருக்கிறேன். எந்த லோடு, எந்த டிரைவர், எந்த ரோடு, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. சொந்த ஆசைக்கு ரயிலிலும் காரிலும் குறுக்கே போயிருக்கிறேன். அந்த இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் டிரைவர்களை சோலோ, டீம் என்று பிரிப்போம். சோலோ என்றால் லாரியில் ஒருவர். டீம் என்றால் இருவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் படுத்துத் தூங்குவார். நியூஜெர்சியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கிட்டத்தட்ட 2,900 மைல், நம் கணக்கில் 4,600 கிலோமீட்டருக்கு மேல். டீம் அதை மூன்று நாளில் முடித்துவிடும். சோலோவுக்கு ஐந்து நாள் கொடுப்போம். காரணம் சட்டம்: பத்து மணி நேரம் ஓய்வெடுத்தபின் வரும் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், அதற்கு மேல் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். இது அதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு உள்ள வரம்பு. விமானத்திலிருந்து இறங்கி, இரவும் பகலும் தலைகீழாகி, வலது பக்கம் ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமே அதிகம் என்பேன்.

டல்லாஸ் நண்பர் சொன்னது தப்பில்லை. அவர் போனபோது அது டீம் பயணமாக இருந்திருக்கும். மனைவியோ நண்பனோ பக்கத்து சீட்டில் இருந்திருப்பார். வழி பார்த்துச் சொல்ல, காபி எடுத்துக் கொடுக்க, கண் சொருகினால் கையைத் தட்ட ஒரு ஆள். தனியாகப் போனால் நெப்ராஸ்காவில் ஐ-80 சாலை நாள் முழுக்க நேர்க்கோடாகக் கிடக்கும். வேடிக்கை பார்க்கவும் முடியாது, கண் ரோட்டில் இருக்க வேண்டும். அதோடு ஒரு ஊரில் காரை எடுத்து வேறு ஊரில் விட்டால் தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள். கரையிலிருந்து கரை என்றால் அது சில நூறு டாலர் வரைக்கும் போகும். நான்கு பேர் பங்கு போட்டால் வலிக்காது. ஒரே ஆளுக்கு வலிக்கும்.

ரூட் 66 விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 1926-ல் போட்ட சாலை அது, சிகாகோவிலிருந்து சாண்டா மோனிகா வரை. 1985-லேயே அதை அரசு நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது துண்டு துண்டாக இருக்கிறது. நடுவில் நடுவில் பெரிய நெடுஞ்சாலையில் ஏறி இறங்க வேண்டும். அரிசோனாவில் செலிக்மனிலிருந்து ஓட்மன் வரை உள்ள பகுதி அருமை, மறுக்கவில்லை. ஆனால் திருப்பத்தைத் தேடிக்கொண்டே ஓட்ட வேண்டிய சாலை. பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் அதில் சுகம்.

என் யோசனை இது. நாட்டைக் கடப்பதற்கு ரயில். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் காரை எடுத்து, எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுப்பது. நாட்டைக் கடக்கிற நெடுந்தூரப் பயணிகள் ரயில் இங்கே ஆம்ட்ராக் என்ற ஒரே நிறுவனம்தான், 1971-லிருந்து ஓட்டுகிறது. நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு நேர் ரயில் கிடையாது, சிகாகோவில் மாற வேண்டும். சிகாகோவிலிருந்து மேற்கே போக முக்கியமாக மூன்று ரயில்கள். எம்பயர் பில்டர் வடக்கே மொன்டானா வழியாக சியாட்டிலுக்கோ போர்ட்லாண்டுக்கோ போகும். சவுத்வெஸ்ட் சீஃப் நியூ மெக்சிகோ, அரிசோனா வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ் போகும். கலிபோர்னியா செஃபிர் டென்வர், ராக்கி மலைகள், நெவாடா வழியாக எமரிவில் போகும். அங்கிருந்து ஆம்ட்ராக்கே பஸ் வைத்து வளைகுடாவைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோவில் விட்டுவிடும். உங்கள் திரும்பும் விமானம் சான் பிரான்சிஸ்கோ என்பதால் உங்களுக்கு செஃபிர். 2,438 மைல், அட்டவணைப்படி ஐம்பத்திரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்பின்.

முதல் வாரத்தை நியூயார்க்குக்குக் கொடுங்கள். வாஷிங்டன் வேண்டுமானால் ரயிலில் மூன்றரை மணி நேரம். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை என்பதால் இரண்டு நாள் அங்கே தங்கினாலும் பர்ஸ் காலியாகாது. நியூஜெர்சி நண்பர் வீட்டில் தங்குவதைப் பற்றி ஒன்று. அன்புக்கு வணக்கம், ஆனால் இரண்டு ராத்திரிக்கு மேல் வேண்டாம். புறநகர் வீடுகளிலிருந்து பால் வாங்கவே கார் வேண்டும். அவர் வேலைக்குப் போனபின் நீங்கள் சோபாவில் உட்கார்ந்திருப்பீர்கள். வார இறுதியில் காஸ்ட்கோ கடை, கோயில், அவுட்லெட் மால் என்று உங்களை அழைத்துப் போவார். ஊரிலிருந்து வருகிற பலருக்கு அமெரிக்கா இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது. கோயில் என்றால் குவீன்ஸில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு சப்வேயும் பஸ்ஸுமாக நீங்களே போய்விடலாம். அடித்தளத்தில் உள்ள கான்டீனில் தோசை நன்றாக இருக்கும்.

நயாகரா உங்கள் வழியிலேயே இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. நியூயார்க்கிலிருந்து நயாகரா ஃபால்ஸ் வரை பகல் ரயில் உண்டு, ஒன்பது மணி நேரம் பிடிக்கும். இடது பக்க ஜன்னலைப் பிடித்துவிட்டால் முதல் இரண்டரை மணி நேரம் ஹட்சன் ஆறு கூடவே வரும். அருவியைப் பார்க்க நுழைவுக் கட்டணம் இல்லை, அது மாநிலப் பூங்கா. மெய்ட் ஆஃப் த மிஸ்ட் படகுக்கு மட்டும் டிக்கெட். கனடா பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அழகு என்று நண்பர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்குக் கனடா விசா தனியாக வேண்டும், அமெரிக்க விசா இருப்பதால் மட்டும் பாலத்தைத் தாண்ட முடியாது. மறுநாள் இரவு பக்கத்து நகரமான பஃபலோவின் டிப்யூ ஸ்டேஷனில் லேக் ஷோர் லிமிடெட் ரயிலில் ஏறினால் காலையில் சிகாகோ. அந்த ஸ்டேஷன் நகரத்தைவிட்டுத் தள்ளி இருக்கிறது, ரயில் வருவதோ நடுநிசியை ஒட்டி. அதனால் டாக்சிக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பஃபலோ, ராசெஸ்டர் பக்கம் எல்லைக்கு அருகில் என்பதால் எல்லைக் காவல் அதிகாரிகள் ரயிலில் ஏறி ஆவணம் கேட்பது உண்டு. பதினெட்டு வயது நிறைந்த வெளிநாட்டவர் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டையும், இறங்கியதும் இணையத்தில் எடுக்கக்கூடிய ஐ-94 என்ற வருகைப் பதிவின் பிரின்ட்டையும் பெரிய பெட்டியில் போட்டு மேலே ஏற்றிவிடாமல் தோள் பையில் வையுங்கள். கேட்டால் காட்டுங்கள், அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. விசா சம்பந்தமாக இதற்கு மேல் சந்தேகம் இருந்தால் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள், லாரி அனுப்புகிறவனை வேண்டாம்.

சிகாகோ என் ஊர் என்பதால் எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், எனவே இரண்டே வரி. ஆற்றில் கட்டடங்களைக் காட்டும் படகுப் பயணத்துக்குப் போங்கள். விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று பேசிய கட்டடம்தான் இப்போதைய ஆர்ட் இன்ஸ்டிடியூட். உள்ளே ஓவியங்களைப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். மூன்று இரவு தங்குங்கள். டவுன்டவுனில் ஹாஸ்டலிங் இன்டர்நேஷனல் விடுதி இருக்கிறது, அங்கிருந்து யூனியன் ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம்.

செஃபிர் மதியம் 2 மணி வாக்கில் கிளம்பும். அன்று மாலை அயோவா சோளக்காடுகளும் மிஸ்ஸிசிப்பி ஆறும். தூங்கி எழுந்தால் டென்வர். அதற்கப்புறம்தான் விஷயமே. ரயில் சமவெளியிலிருந்து வளைந்து வளைந்து மலை ஏறி, அடுத்தடுத்துச் சின்னச் சின்னக் குகைகளுக்குள் புகுந்து, கடைசியில் மொஃபட் சுரங்கத்தில் நுழையும். 1928-ல் திறந்தது, 6.2 மைல் நீளம். உள்ளே இருக்கிற பத்து நிமிடமும் பெட்டிவிட்டுப் பெட்டி போகாதீர்கள் என்று அறிவிப்பார்கள், கதவைத் திறந்தால் டீசல் புகை உள்ளே வந்துவிடும் என்பதால். வெளியே வந்து கொஞ்ச தூரம் போனால் கொலராடோ ஆறு. சாயங்காலம் வரை அந்த ஆற்றின் கரையிலேயே போவீர்கள். கார் சாலையே இல்லாத பள்ளத்தாக்குகள் சில அங்கே உண்டு, ரயிலில் இருந்தால்தான் பார்க்க முடியும். கோடையில் ரப்பர் படகில் போகிற கும்பல் ரயிலைக் கண்டதும் திரும்பி நின்று கால்சட்டையை இறக்கிக் காட்டும். அது அங்கே பழைய சம்பிரதாயம், அதிர்ச்சி அடைய வேண்டாம்.

தனியாகப் போகிறவருக்கு இந்த ரயிலில் இன்னொரு லாபம். மேலும் கீழும் கண்ணாடி வைத்த லவுஞ்ச் பெட்டி ஒன்று பொதுவாக இருக்கும், டிக்கெட் எதுவானாலும் அங்கே போய் உட்காரலாம். சாப்பாட்டுப் பெட்டியில் தனி ஆளைத் தனி மேசையில் விடமாட்டார்கள். நான்கு பேர் மேசையில் யாரோடாவது சேர்த்து உட்கார வைப்பார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பேத்தியைப் பார்க்கப் போகிற பாட்டி, விமானத்தில் ஏறப் பயந்தவர், தொப்பியும் நீளத் தாடியுமாக, பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவக் குடும்பம் என்று யாராவது வாய்ப்பார்கள். பேச்சை அவர்களே ஆரம்பிப்பார்கள். நான்கு வாரத்தில் உங்களுக்கு ஆள் துணை கிடைக்கிற இடம் இதுவாகத்தான் இருக்கும்.

டிக்கெட்டில் இரண்டு வகை. சாய்வு இருக்கை கொண்ட கோச், படுக்கை அறை கொண்ட ரூமெட். ரூமெட்டில் சாப்பாடு விலையிலேயே சேர்ந்திருக்கும், ஆனால் விலை பல மடங்கு. இரண்டு பேருக்கான அறையைத் தனியாளாக முழுவிலை கொடுத்து எடுக்கிறீர்கள். கோச் இருக்கை நம்மூர் ஏசி பஸ் இருக்கையைவிட அகலம், கால் நீட்டவும் இடம் உண்டு. ஓரிரு ராத்திரி தாங்கும். ஒரு போர்வை கட்டாயம், ஏசியை எதற்கோ பழிவாங்குவது போல வைத்திருப்பார்கள். கீழ்த்தளத்து கஃபேயில் மைக்ரோவேவில் சூடாக்கித் தருகிற பர்கரும் நூடுல்ஸும்தான் பிரதானம். சைவம் என்றால் சிகாகோவில் இந்தியக் கடைகள் உள்ள டெவன் அவென்யூ போய்ச் சப்பாத்தி, தேப்லா, ஊறுகாய், பழம் வாங்கி ஏறுங்கள். ஆம்ட்ராக்கில் முப்பது நாளில் பத்துப் பயணத் துண்டுகள் என்று ஒரு பாஸ் உண்டு, வழக்கமான விலை 499 டாலர், கோச்சுக்கு மட்டும் செல்லும். நான் சொல்லும் வழிக்கு ஆறேழு துண்டு ஆகும், வாஷிங்டன் சேர்த்தால் எட்டு ஒன்பது. தனித்தனி டிக்கெட் விலையைக் கூட்டிப் பார்த்துவிட்டு எது குறைவோ அதை எடுங்கள்; பாஸ் எடுத்தாலும் ஒவ்வொரு ரயிலுக்கும் இடத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

கார் எங்கே என்று கேட்டால், கிராண்ட் ஜங்ஷன். கொலராடோவின் மேற்கு ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர். செஃபிர் சாயங்காலம் நாலு மணி வாக்கில் அங்கே வரும். இரவு தங்கி, காலையில் விமான நிலையத்தில் கார் எடுத்தால் யூட்டா மாநிலத்து மோவாப் இரண்டு மணி நேரம். ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் என்ற இரண்டு தேசியப் பூங்காக்களும் அந்த ஊரை ஒட்டியே இருக்கின்றன. ஆர்ச்சஸில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்கைக் கல் வளைவுகள். டெலிகேட் ஆர்ச் என்பதைப் பார்க்கப் போய்வர மூன்று மைல் நடை. பெரும்பகுதி வழுவழுப்பான பாறைமேல் ஏற்றம், நிழலே கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் சுமந்து போங்கள், வழியில் குழாய் எதுவும் இல்லை. மாலை நாலு மணிக்கு மேல் ஏறினால் வெயில் சாய்ந்திருக்கும், கல் சிவந்து தெரியும். இறங்கும்போது இருட்டிவிடும் என்பதால் டார்ச் வேண்டும், போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். மூன்று நாள் அங்கே இருந்துவிட்டு, காரைத் திருப்பிக் கொடுத்து, அதே நாலு மணி செஃபிரில் ஏறுங்கள். பாலைவனம் இரவில் போய்விடும், மறுநாள் பகலில் சியர்ரா நெவாடா மலையும் டான்னர் கணவாயும்.

அப்படியானால் கிராண்ட் கேன்யன்? அமெரிக்கா போய் அதைப் பார்க்காமல் வந்தாயா என்று ஊரில் எல்லோரும் கேட்பார்கள், தெரியும். அதுதான் வேண்டும் என்று மனசு சொன்னால் செஃபிரை விட்டுவிட்டு சவுத்வெஸ்ட் சீஃபில் ஏறி ஃப்ளாக்ஸ்டாஃபில் இறங்குங்கள், அங்கிருந்து தென் விளிம்புக்கு ஷட்டில் வேன் உண்டு, கார் தேவையில்லை. பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் போய் அங்கிருந்து வடக்கே வர வேண்டியிருக்கும். இரண்டு ரயிலையும் ஒரே பயணத்தில் ஒட்டவைக்காதீர்கள். கேன்யனில் இறங்கினால் ஒரே நாளில் ஆறு வரை போய்த் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். பூங்கா ஊழியர்களே அதைச் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். அந்தப் பக்கம் பலர் போகிற ஆன்டிலோப் கேன்யன், மான்யுமென்ட் வேலி இரண்டும் நவாஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலம். தேசியப் பூங்கா பாஸ் அங்கே செல்லாது. ஆன்டிலோப்பில் நவாஹோ வழிகாட்டியோடுதான் உள்ளேயே விடுவார்கள்.

பூங்காக் கட்டணத்தில் உங்கள் நண்பர்களுக்கே தெரியாத மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. 80 டாலர் வருடப் பாஸ் என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். அது 2026 ஜனவரியிலிருந்து இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். வெளிநாட்டவருக்கு 250 டாலர். பாஸ் இல்லாமல் போனால் பதினொரு பெரிய பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் கூடுதல். கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி, சயான், யெல்லோஸ்டோன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆர்ச்சஸும் கேன்யன்லாண்ட்ஸும் இல்லை. மோவாபை நான் சிபாரிசு செய்ய இதுவும் ஒரு காரணம். இந்த விதிகள் மாறக்கூடியவை, போகும் முன் தேசியப் பூங்காத் துறையின் பக்கத்தில் பார்த்துவிடுங்கள்.

யோசெமிட்டிக்கும் கார் வேண்டாம். எமரிவில்லிலிருந்து மெர்செட் வரை ரயில், அங்கிருந்து யார்ட்ஸ் என்ற பஸ் நேராகப் பள்ளத்தாக்குக்குள் கொண்டு விடும். பூங்காவுக்குள் தங்க இடம் பல மாதம் முன்பே தீர்ந்துவிடும், அதனால் மெர்செட்டிலோ வழியில் மரிப்போஸாவிலோ அறை பாருங்கள். செப்டம்பரில் அருவிகள் பெரும்பாலும் வற்றிக் கிடக்கும். படத்தில் பார்த்த தண்ணீரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாறைகளுக்காகவே போகலாம்.

கார் எடுக்கிற அந்த மூன்று நாளுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை கொஞ்சம். தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் பொதுவாக ஒத்துக்கொள்வார்கள். இருந்தாலும் ஆர்டிஓ ஆபீஸில் சர்வதேசப் பர்மிட் வாங்கிக்கொண்டு வருவது நல்லது. உங்கள் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். முன்பே பணம் ஏற்றிய பாரெக்ஸ் கார்டைப் பல வாடகைக் கம்பெனிகள் ஏற்பதில்லை. காப்பீட்டில் வாடகை வண்டிக்கு வரும் சேதம் வேறு, அடுத்தவருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதம் வேறு. கவுன்டரில் இருப்பவர் முதலாவதை விற்கத்தான் மெனக்கெடுவார், உங்களை ஓட்டாண்டி ஆக்கக்கூடியது இரண்டாவது. அது இருக்கிறதா, எவ்வளவுக்கு என்று கேட்டு எழுத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் கார்டைச் செருகினால் ஐந்து இலக்க ஜிப் கோட் கேட்கும். கோவை பின்கோடு ஆறு இலக்கம், ஏற்காது. உள்ளே போய் "மூன்றாம் நம்பர் பம்ப், நாற்பது டாலர்" என்று சொல்லிக் கொடுத்தால் முடிந்தது. டாங்க் பாதி இறங்கியதும் நிரப்பிவிடுங்கள். மோவாபுக்கு மேற்கே ஐ-70 சாலையில் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை நூறு மைலுக்கு மேல் பங்க்கே கிடையாது. எங்கள் டிரைவர்களே அங்கே மாட்டிக்கொண்டு போன் செய்திருக்கிறார்கள், அதுவும் சிக்னல் கிடைக்கிற மேடு வரை நடந்து போய். வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வையுங்கள். இருட்டியபின் யூட்டாவில் ஓட்ட வேண்டாம், மான் குறுக்கே வரும். மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால் பிரிக்கப்படாத சாலையில் எதிர்த்திசையில் வந்தாலும் நீங்கள் நிற்க வேண்டும். பின்னால் போலீஸ் விளக்கு மின்னினால் ஓரம் கட்டி, வண்டிக்குள்ளேயே, கை ஸ்டியரிங்மேல் தெரிகிற மாதிரி உட்காருங்கள். நம்மூர்ப் பழக்கத்தில் கீழே இறங்கி அவரை நோக்கிப் போய்விடாதீர்கள்.

பாதுகாப்பாகத்தான் இருக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெரிய நகரங்களில் இரண்டு தெரு தள்ளினால் நிலைமை மாறும், அதனால் ஒரு ஊரையே நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது. ஊருக்குள் பகலில் போய் இறங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். மலிவாக இருக்கிறதே என்று இரவு பஸ்ஸில் போய் அதிகாலை மூன்று மணிக்கு இறங்காதீர்கள். பல ஊர்களில் பஸ் நிலையக் கட்டடமே இப்போது இல்லை, ரோட்டோரத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சான் பிரான்சிஸ்கோவில் யாருடைய காரில் போனாலும் பையை உள்ளே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு இறங்கினால் கண்ணாடியை உடைப்பார்கள். கொலராடோ, இல்லினாய், கலிபோர்னியாவில் கஞ்சாக் கடைகள் பளபளவென்று இருக்கும். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் அனுமதிக்கவில்லை, விசாவில் வந்தவர் கிட்டவே போகக் கூடாது. மருத்துவக் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள். கணுக்கால் சுளுக்கி எமர்ஜென்சி போனால்கூட வருகிற பில் பயணச் செலவை மிஞ்சிவிடக்கூடும். பெண்கள் தனியாகப் பயணிப்பது பற்றி நான் சொல்வதைவிடப் போய்வந்த பெண்கள் சொல்வதைக் கேட்பதே சரி.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. ஒன்று புகை. ஆகஸ்ட், செப்டம்பரில் மேற்கே காட்டுத்தீ வந்தால் யோசெமிட்டி பள்ளத்தாக்கு முழுக்கப் புகை மண்டிவிடும், சில வருடம் ஒன்றுமே இருக்காது. அதனால் கடைசி வாரத்து அறைகளை ரத்து செய்யக்கூடிய விலையில் எடுங்கள். இன்னொன்று ரயில் நேரம். செஃபிர் ஓடுகிற தண்டவாளம் ஆம்ட்ராக்குடையது கிடையாது, சரக்கு ரயில் கம்பெனிகளுடையது. பயணிகள் ரயிலுக்குத்தான் முதல் உரிமை என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சரக்கு ரயில்கள் இப்போது, ஒதுங்கி வழிவிடுவதற்கான விலகு பாதையில் அடங்காத நீளத்துக்கு வந்துவிட்டன, அப்போது பயணிகள் ரயில்தான் ஒதுங்கி நிற்கும். ஒரு மணி நேரத் தாமதத்தை நாங்கள் தாமதம் என்றே சொல்வதில்லை. ஆறு மணி நேரம் ஆனதும் உண்டு.

ஆகவே பதிவு செய்கிற வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் விமானம், பிறகு சிகாகோவிலிருந்து கிராண்ட் ஜங்ஷன், அங்கிருந்து எமரிவில் ரயில் டிக்கெட்டுகள், ஏனென்றால் இடம் குறையக் குறைய விலை ஏறும். அப்புறம் மோவாப் அறை. செப்டம்பர் அங்கே சீசன், வார இறுதியில் விலை இரட்டிப்பாகும் என்பதால் ஞாயிறு முதல் புதன் வரை அங்கே இருக்கிற மாதிரி தேதியை நகர்த்துங்கள். கார் கடைசியில். ரயில் எமரிவில் சேரும் நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் குறைந்தது மூன்று நாளாவது விடுங்கள். யோசெமிட்டியும் போவதென்றால் ஆறு.